அடுக்களைப் பக்கம் வேண்டாம்

“அடுக்களைப் பக்கம் திருப்பி வைக்காத மக்கா.”

வீடியோ போன் பொருத்த வந்த ஷிஜுவிடம் ஜெம்மா மூன்று முறை சொல்லிவிட்டாள்.

“ஆளு நடந்தா அது தானே அந்தப் பக்கம் திரும்பும் சேச்சி,” என்றான் அவன். ஜெம்மா காதில் வாங்கினால்தானே!

பொருத்தி முடித்ததும் அயர்லாந்திலிருந்து மருமகள் டெல்னா திரையில் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் மகன் ஜிதின் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். ஜெம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எங்க வீட்டு ஆம்பிளைய அடுக்களைல காலே வைக்கமாட்டாவ, கேட்டியா?”

அந்நேரம் போன் மெல்ல அடுக்களை வாசலுக்குத் திரும்பியது. அங்கே ஜெம்மாவின் கணவர் ஜோக்கிம், கையெல்லாம் சோப்பு நுரையோடு நின்றார்.

“பாத்திரம் கழுவியாச்சு ஜெம்மா. இனி மீன் வெட்டட்டா?”

திரையில் டெல்னா கைதட்டினாள்.

“ஜிதின் இத ஆருகிட்ட படிச்சாருன்னு இப்ப மனசிலாச்சு மாமா!”