கலங்கரை விளக்கத்தை வரைந்தவள்

சாகச வீடியோ விளையாட்டு முடிந்து, அதை உருவாக்கியவர்களின் பெயர்கள் தொலைக்காட்சித் திரையில் மேலேறுகின்றன. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வந்த அதே விளையாட்டுதான். மெருகேற்றிய பதிப்பு என்று மாப்பிள்ளை முழு விலை கொடுத்து வாங்கி வந்திருக்கிறார். அதில் வரும் கலங்கரை விளக்கத்தை அன்று கண் எரிய எரிய வரைந்தவள் என் மகள். கடைசிப் பெயரும் போய்விடுகிறது. அவள் பெயர் இல்லை. கறுத்த திரையில் ஜன்னல் வெயிலும் என் முகமும் தெரிகின்றன. "பழைய ஆளுங்க பேரைப் போடல போல, மாமா. மத்தபடி குடுத்த காசுக்கு மோசமில்ல." "தூசியைத் துடைக்கிறேன்னு என் பொண்ணு பேரையும் துடைச்சிருக்கானுங்க. இதுக்கு முழு விலையா, மாப்பிள்ளை?" "விடுங்கப்பா" என்கிறாள் மகள், மடித்த சட்டையையே மூன்றாம் முறை மடிக்கிறாள். விளையாட்டு வந்த பெட்டியை எடுத்து, அட்டையிலுள்ள கலங்கரை விளக்கத்தின் மேல், என் பெயரின் முதலெழுத்தோடு அவள் பெயரை எழுதுகிறேன். பேனா முனை அட்டையைக் கிழித்துக்கொண்டு போகிறது.