நாலாம் மாத ஸ்கேன்

ஸ்கேன் திரையைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது. படுத்திருந்தவள் தலையைத் தூக்கி அவர் முகத்தையே பார்த்தாள். போன தடவை உண்டானபோதும் ஸ்கேனில் இவர் முகம் இப்படித்தான் சட்டென்று சுருங்கியது. அந்தக் குழந்தை தங்கவில்லை.

"அவரை உடனே வரச் சொல்லு" என்றார் நர்ஸிடம்.

கண்ணாடி போட்ட ஒருவர் ஓடிவந்து திரையை உற்றுப் பார்த்தார்.

"அசைவு ரொம்ப மந்தமா இருக்கே, டாக்டர்."

"ஆமா. ஏதாவது பண்ண முடியுமா?"

"பார்க்கிறேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "ஐயா, எப்படியாவது என் பிள்ளையைக் காப்பாத்துங்க!"

அவர் பதறிப்போனார். "ஐயோ, நான் கம்ப்யூட்டர் பார்க்கிறவம்மா! நேத்து இதுல லினக்ஸ் சாஃப்ட்வேரை அப்டேட் பண்ணினப்ப, திரையில படம் காட்டுற கிராஃபிக்ஸ் டிரைவர் விட்டுப்போச்சு. அதான் படம் இழுக்குது."

டிரைவரை ஏற்றி, கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டார். டாக்டர் கருவியை மறுபடி வயிற்றில் வைத்தார்.

திரையில் ஒரு குட்டிக் கால் விடாமல் உதைத்துக்கொண்டிருந்தது.