பன்னிரண்டு கொய்னா பாட்டில்

"அந்தத் திருடனையா கூப்பிடப் போறீங்க?" என்று கேட்டாள் ரேணுகாம்பாள்.

"வேற யாருக்குடி இதெல்லாம் தெரியும்?" என்றார் கோதண்டராமன்.

பழைய பூஜை அறையைப் புதுப்பிக்கத் தரையைத் தோண்டியதில் பாட்டில் பாட்டிலாக வந்துகொண்டிருந்தது. எல்லாம் அவருடைய அப்பா மருந்துக்கடை நடத்திய காலத்துச் சரக்கு. ரமணாசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், எது எந்த மருந்து பாட்டில் என்று எழுதி ஒட்டிக் கொடுத்தால் அத்தனையும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

அதைச் சொல்லக்கூடிய ஆள் திருவண்ணாமலையிலேயே ஒருவர்தான். அந்தக் கடையில் கம்பவுண்டராக இருந்த நசீர் அகமது. நாற்பத்து மூன்றாம் வருஷம் ஊரே மலேரியாவில் நடுங்கியபோது, சர்க்கார் கொடுத்த கொய்னா மருந்தில் ஒரு பெட்டியைத் திருடி விற்றுவிட்டார் என்று விரட்டப்பட்டவர். முப்பத்தைந்து வருஷமாகக் குடை ரிப்பேர் செய்து பிழைக்கிறார். ஊருக்கு இன்னமும் அவர் 'கொய்னா பாய்'தான்.

நசீர் அகமது வந்தார். வீட்டுக்குள் போகாமல் பக்கச் சந்து வழியாகக் கொல்லைக்கு வந்து, குவித்திருந்த பாட்டில்களுக்கு எதிரே உட்கார்ந்தார். கண் மங்கிவிட்டது, விரல் எதையும் மறக்கவில்லை.

"இது விளக்கெண்ணெய். இது கண்ணு மருந்து. இந்த நீல பாட்டில்ல வரி வரியா இருக்கு பாருங்க, இது விஷ மருந்து. இருட்டுல எடுத்தாலும் கைக்குத் தெரியணும்னு இந்த வரி."

கோதண்டராமன் சந்தோஷமாகச் சீட்டு எழுதி ஒட்டினார்.

அப்போது, உள்ளே தோண்டிக்கொண்டிருந்த இருசப்பன் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்து வைத்தான். "பூஜை ரூம்ல ரொம்ப ஆழத்துல இருந்துதுங்க."

பெட்டியின் மேல் இருந்த சர்க்கார் முத்திரையைத் தடவிப் பார்த்த நசீர் அகமதின் கை நின்றுவிட்டது.

"தம்பி, இதுல பன்னெண்டு பாட்டில் இருக்கும். கொய்னா. மூடி மேல அரக்கு சீல் இருக்கும்."

இருசப்பன் கடப்பாரையால் நெம்பினான். பன்னிரண்டு பாட்டில். ஒரு சீல்கூட உடையவில்லை.

கோதண்டராமனுக்கு வேர்த்துவிட்டது. அந்தப் பூஜை அறைக்குள் அவருடைய அப்பாவைத் தவிர யாரும் போனதில்லை. கொய்னா விலை ஏறிக்கொண்டே போன அதே வருஷம்தான், அப்பா தானே பக்கத்தில் நின்று அந்த அறைக்குப் புதுத் தரை போட வைத்தார்.

"நான் இந்த வீட்டு நடையைக்கூடத் தாண்டினதில்லைங்க" என்றார் நசீர் அகமது. "பேத்திக்கு வர்ற சம்பந்தமெல்லாம் இந்தப் பேரைக் கேட்டுட்டுத் திரும்பிப் போகுது. உங்கப்பாவைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேணாம். நான் எடுக்கலைன்னு மட்டும் எங்க ஜமாத்துல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. அது போதும்."

கோதண்டராமன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை நானே வர்றேன் பாய்."

சொன்னபடி வந்தார். தொழுகை முடிந்து எல்லோரும் பள்ளிவாசல் முன்னால் கூடியிருந்தார்கள். நசீர் அகமது சலவைச் சட்டை போட்டு, மாப்பிள்ளை வீட்டுக்காரரையும் கையோடு கூட்டிவந்து முன்வரிசையில் நின்றிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் முன்வரிசையில் நின்றது அன்றைக்குத்தான்.

கோதண்டராமன் கை கூப்பினார். குரல் தழுதழுத்தது.

"எங்க கொல்லையைத் தோண்டறப்ப அந்தக் கொய்னா பெட்டி கிடைச்சிடுச்சுங்க. உள்ள என்ன மருந்து, எத்தனை பாட்டில்னு திறக்கறதுக்கு முன்னாடியே பாய் சொல்லிட்டாரு. பொதைச்சவருக்குத்தானே தெரியும்? பாவம், வயசான காலத்துல மனசு உறுத்தியிருக்கு. எங்க குடும்பம் அவரை மன்னிச்சிடுச்சுங்க."