வெள்ளிக்கிழமை வெளிச்சம்

“வந்துடுச்சு! பறக்கும் தட்டு தரையில இறங்குது!”

பச்சைத் தொப்பிக்காரர் போட்ட கூச்சலில், நெவாடா பாலைவனத்தில் நாற்காலி போட்டு வானம் பார்த்துக்கொண்டிருந்த சுற்றுலாக் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. ஆர்லோ மட்டும் எழவில்லை.

“அது லாரிப்பா. ரோடு அங்க மேடேறுது. இந்தப் பொட்டல்ல ராத்திரி லாரி வெளிச்சம்கூட அந்தரத்துல மிதக்கும். உட்காருங்க, கால் வலிக்கப் போகுது.”

கூட்டம் அசடு வழிந்தபடி உட்கார்ந்தது. ஆர்லோ சொன்னால் சொன்னதுதான். பக்கத்து விமானப்படைத் தளத்தில் முப்பது வருஷம் ஜெட் விமானங்களைப் பழுது பார்த்தவர். சிவப்பும் பச்சையும் சிமிட்டினால் ஜெட், ஆரஞ்சு நிறத்தில் வரிசையாகத் தொங்கினால் பயிற்சிக்குப் போடும் தீப்பந்து என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

“அதெல்லாம் சரி சார். உங்களாலயே கண்டுபிடிக்க முடியாத அந்த வெளிச்சம் எப்ப வரும்?” என்றாள் பெத்தனி. லாஸ் வேகஸ் டிவிக்காரி, தோளில் கேமராவோடு வந்திருந்தாள்.

அவளை வரவழைக்க ஆர்லோ மூன்று வருஷத்தில் பதினொரு கடிதம் போட்டிருந்தார். ஊர் காபிக் கடையில் “கிழவனுக்கு மறை கழண்டுடுச்சு” என்று பேச்சு. இன்றைக்கு அது கேமராவில் விழுந்தால் மாநிலம் முழுக்க அவர் பேர்தான். விழாவிட்டால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

“என்னை நம்பினது என் பொண்டாட்டி நோரீன் ஒருத்திதான்” என்றார், அவள் கட்டிக் கொடுத்த சாண்ட்விச்சைப் பிரித்தபடி. “வெள்ளிக்கிழமை ஆனா அவளே பிளாஸ்க்கைக் கையில கொடுத்து, ‘கிளம்புங்க, அவசரப்பட்டுத் திரும்பிடாதீங்க, நல்லாப் பார்த்துட்டு வாங்க’ம்பா.”

இப்படி ஒரு மனைவி வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஒன்பது பத்துக்கு அது வந்தது. மேற்கே, இருண்ட மலையடிவாரத்தில் ஜோடியாக இரண்டு வெள்ளைப் புள்ளிகள். மெல்ல மிதந்து வந்தன, ஓரிடத்தில் நின்றன, சட்டென்று அணைந்தன.

“பார்த்தீங்களா! பார்த்தீங்களா!” ஆர்லோவுக்குக் கண் கலங்கிவிட்டது. “பதிவாச்சா?”

“ஆச்சு சார்! அவ்வளவுதானா?”

“எங்க அவ்வளவுதான்! பதினொண்ணே காலுக்கு அதே இடத்துலேர்ந்து கிளம்பும். ஆனா சிவப்பா! வரும்போது வெள்ளை, போகும்போது சிவப்பு. எந்த ஜெட் இப்படி நிறம் மாத்தும்மா?”

“தினமும் வருமா?”

“வெள்ளிக்கிழமை மட்டும். போன மாசம் ஒரு வெள்ளி காய்ச்சல்னு வீட்டுலயே படுத்துட்டேன். என் சிநேகிதன் இங்க வந்து விடிய விடிய உட்கார்ந்தான், ஒரு மண்ணும் வரல. நான் இங்க வந்தாத்தான் அது வருது. அதுக்கு என்னைத் தெரியும்மா!”

பெத்தனி கேமராவை மெல்லக் கீழே இறக்கினாள். தூரத்தில் இன்னொரு லாரி அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தாள், பிறகு மேற்கே பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குப் புரியவில்லை.

“சார்... அந்த மலையடிவாரத்துல வீடு ஏதாவது இருக்கா?”

“நல்லாக் கேட்டீங்க! நானும் முதல்ல அதைத்தான் யோசிச்சேன்” என்று பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார் ஆர்லோ.

“அங்க எங்க வீடு ஒண்ணுதான். ஆனா எங்க வண்டிதான் இங்க நிக்குதே!”