கீழ்க் கட்டம்

மூன்றாவது முறையும் சிவப்பு எழுத்து வந்தது. இரண்டு கட்டத்திலும் அடித்த பாஸ்வேர்டு ஒன்றாக இல்லையாம்.

கணேசமூர்த்தி கம்ப்யூட்டரை முறைத்தார். அவர் மனைவி லோகேஸ்வரி அவர் முகத்தைப் பார்க்கத் துணியாமல் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள்.

லுக்குட் பட்டணத்தில் இன்சூரன்ஸும் ரோட் டேக்ஸும் எடுத்துக் கொடுக்கும் கடை அது. பள்ளி வேன் பெர்மிட்டை இனிமேல் இணையத்தில்தான் புதுப்பிக்க வேண்டுமாம். இன்றே கடைசி. பெர்மிட் இல்லாவிட்டால் வேன் ஓடாது. வேன் ஓடாவிட்டால் வீட்டில் உலை கொதிக்காது.

பாஸ்வேர்டை மட்டும் அவரே அடிக்க வேண்டும் என்று கடைப்பெண் வனேசா கறாராகச் சொல்லிவிட்டாள்.

கண்ணைக் கட்டிவிட்டாலும் தோட்டத்துப் பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிடுவேன் என்று மார்தட்டிய மனிதர் அவர். கொஞ்ச நாளாகச் செம்பனைத் தோட்டத்துக்குள் சாலை பிரியும் இடத்தில் வேனை நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்க்கிறார்.

அதனால்தான் லோகேஸ்வரி முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். இந்த வயதில் ஜோடி போட்டுக்கொண்டு சுற்றுகிறார்கள் என்று பிள்ளைகளின் அம்மாக்கள் கேலி செய்தார்கள். அவளும் கூடவே சிரித்தாள். யாராவது துருவிக் கேட்டால் இருக்கவே இருக்கிறது சர்க்கரை, கண் மங்கல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் அவளுக்கே நெஞ்சு பதறும்.

"ரொம்ப யோசிக்காதீங்க லா அங்கிள். சாவுற வரைக்கும் மறக்காத பேரு ஒன்னு இருக்கும்ல, அதப் போடுங்க. மேல போட்டதையே கீழயும் போட்டா முடிஞ்சிச்சு" என்றாள் வனேசா.

அவர் யோசித்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

பள்ளிப் பையன் போல ஒரு கையால் மறைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் அடித்தார். மேல் கட்டம் புள்ளிகளால் நிரம்பியது.

கீழ்க் கட்டத்துக்கு வந்ததும் விரல் அந்தரத்தில் நின்றது.

நின்றது நின்றதுதான்.

வனேசா பொறுமை இழந்து, மேல் கட்டத்தின் ஓரத்தில் இருந்த கண் படத்தைத் தட்டினாள். புள்ளிகள் எழுத்துகளாயின.

லோகேஸ்வரி.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை அவர் வாயால் அவள் கேட்டதில்லை. 'ஏ புள்ள', 'இந்தா'. மகள் பிறந்த பிறகு 'ஷாமினி அம்மா'. தனக்கு ஒரு பெயர் இருப்பதே இந்த மனிதருக்குத் தெரியுமோ என்னவோ என்று அவள் எத்தனையோ நாள் குறைப்பட்டிருக்கிறாள்.

பாவி மனுஷன், சாகும்வரை மறக்காத பெயர் என்றதும் அதைத்தானே போட்டிருக்கிறார்! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கணம் பெர்மிட்டும் நினைவில்லை, வேனும் நினைவில்லை.

கணேசமூர்த்தி திரையில் இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். பிறகு பக்கத்தில் நின்றவள் பக்கம் திரும்பி, பஸ்ஸில் அறியாத பெண்ணிடம் பேசுவதுபோல மரியாதையாகக் கேட்டார்.

"இது யாரு பேருங்கம்மா? உங்களுக்குத் தெரியுமா?"



லோகேஸ்வரி மேசைமேல் கிடந்த வேன் சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.