அமோக் பிடித்த வீடு

சிவராஜின் வீட்டுக் கதவை வெளியே தாழிட்டுவிட்டு, முனிலட்சுமி முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டாள்.

மாநில எல்லையோர ஜூஜுவாடியின் அந்த லைன் வீடுகளில் இது வழக்கம்தான். குடித்துவிட்டு எகிறுகிறவனை உள்ளே தள்ளித் தாழ் போட்டுவிட்டால், போதை இறங்கியதும் அவனே கெஞ்சுவான்.

ஆனால் சிவராஜ் குடிக்கிறவன் இல்லை. அதுதான் பயமே.

மலேசியாவில் வேலை பார்த்துத் திரும்பியவன். வந்த புதிதில் குழாயடியில் அவன்தான் சொன்னான். அங்கே ஒருத்தன் பல நாள் யாரோடும் பேசாமல் கிடந்து, திடீரென்று வெட்டுக்கத்தியோடு கிளம்பி, எதிரில் பட்டவர்களையெல்லாம் வெட்டினானாம். அமோக் என்று அதற்குப் பெயராம்.

அந்தச் சொல்லை முனிலட்சுமி சும்மா விடுவாளா? பொழுது சாய்வதற்குள் லைன் முழுக்கப் பரிமாறிவிட்டாள். நஞ்சம்மா அதைக் கன்னடத்துக்கு வளைத்துக்கொண்டாள், சென்னம்மாள் தெலுங்குக்கு. மாடியில் குடியிருக்கும் என்ஜினியர் போனில் தேடி, இங்கிலீஷிலும் அது உண்டு என்றார். இங்கிலீஷிலேயே இருந்தால் பொய்யாகவா இருக்கும்?

கொஞ்ச நாளாக சிவராஜ் யாரோடும் பேசவில்லை. அதையும் முனிலட்சுமிதான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

இன்று சாயங்காலம் வெட்டுக்கத்தியும் கையுமாக கேட்டைத் தாண்டி வந்தான். கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாமல் வீட்டுக்குள் போய்விட்டான்.

ஆண்கள் இரும்புக்கம்பியும் உருட்டுக்கட்டையுமாகக் கூடிவிட்டார்கள். நல்லவேளை, என் மக காவேரி இன்னும் கம்பெனி பஸ்ஸில் வரவில்லை என்று முனிலட்சுமி பெருமூச்சு விட்டாள்.

சென்னம்மாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

“பஸ் அப்பவே வந்துருச்சுக்கா. இந்நேரத்துக்குக் காவேரி தெனமும் அந்த வீட்டுக்குள்ளதான் இருக்கும். உங்கிட்ட யாரு சொல்றதுன்னுதான்…”

எல்லா வீட்டுச் சமாசாரமும் தெரிந்தவளுக்கு இது தெரியவில்லை. யாரும் சிரிக்கக்கூட இல்லை.

முனிலட்சுமி ஓடிப்போய்த் தாழை இழுத்தாள். கம்பிகள் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நெருங்கி வந்தன. கதவிடுக்கில், அப்போதுதான் வெட்டிய பலாப்பழத்தின் வாசனை வந்தது.

தள்ளிப் பார்த்தாள். கதவு அசையவில்லை. உள்ளேயும் தாழிட்டிருந்தது.

மகள் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டினாள்.

காவேரியின் குரல் கதவை ஒட்டினாற்போல் வந்தது.

“தாழ்ப்பாள நான்தாம்மா போட்டேன். மொதல்ல அவங்க கையில இருக்கறத கீழ போடச் சொல்லு.”

முனிலட்சுமி திரும்பிச் சொன்னாள். அவள் என்ன சொன்னாலும் வாய் பிளந்து கேட்கிறவர்கள்தான் எல்லோரும்.

ஒருத்தரும் கீழே போடவில்லை.