சக்கரத்தில் சுற்றிய முடி

பெண்கள் வார்டில் இருந்த சக்கர நாற்காலி நாலடி போனால் நின்றுவிடும். பழைய ஹெட் நர்ஸ் அதை உதைத்து உதைத்துத்தான் ஓட்டுவார்.

புதிதாக வந்த அமலோற்பவம் சிஸ்டர் முதல் நாளே அதன் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். முன்சக்கரத்தில் சுற்றிக்கிடந்த தலைமுடியையும் பேண்டேஜ் நூலையும் வெட்டி எடுத்தார். "ஐயோ, இதையெல்லாம் வெச்சுக்கிட்டா இத்தனை நாள் ஓடினே?" என்றார். அன்றிலிருந்து நாற்காலி ஒரு இடத்திலும் நிற்காமல் ஓடியது.

ஆறு மாதம் கழித்து, சாமான்களைப் புதுக் கட்டடத்துக்கு ஏற்றிப்போக ஆட்கள் வந்தார்கள். "அங்க தரையெல்லாம் பளபளன்னு இருக்குமாம். கிளம்பு, கிளம்பு!" என்று குதித்தது குளுக்கோஸ் ஸ்டாண்டு.

"சிஸ்டரும் வர்றாங்களா?" என்று கேட்டது நாற்காலி.

"அவங்க இங்கேயேதான்."

வாசற்படி வந்ததும் நாற்காலி நின்றுவிட்டது. ஆட்கள் தள்ளினார்கள், உதைத்தார்கள். அசையவில்லை.

"பைத்தியமா உனக்கு? எதுக்கு இந்த உதை வாங்குறே?" என்று வண்டியிலிருந்து கத்தியது ஸ்டாண்டு.

"பழகின உதைதான். நீ போயிட்டு வா."

இனி இது தேறாது என்று ஆட்கள் விட்டுவிட்டுப் போனார்கள்.

சிஸ்டர் ஓடிவந்தார். "மறுபடியும் சிக்கிக்கிச்சா?" என்று குனிந்து சக்கரத்தைத் தடவிப் பார்த்தார்.

விரலில் ஒரு முடிகூட அகப்படவில்லை.